புத்தாண்டன்று நான் கலக்கிய ரோஜாக்

மூன்று வருடங்களுக்கு முன், ஆங்கிலப் புத்தாண்டு அன்று மத்தியானம், சுங்காய்க்குப் பக்கத்தில் ஒரு டுரியான் தோப்பில் இது நடந்தது. மறக்க முடியாத அனுபவம் என்றால் மற்றவர்கள் வெள்ளம், விபத்து, பாம்பு என்று எழுதுவார்கள். என்னுடையது ஒரு பேசின் நிறையப் பழமும் காயும். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

நான் ஈப்போவில் தரை ஓடு விற்கும் கடையில் ஸ்டோர்க்காரன். ஐம்பது தாண்டிவிட்டது. வேலையைவிட வாய்க்குப் பேர்போனவன். சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள் பத்துப் பதினைந்து பேர். தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போட்டுவிட்டார்கள். நாங்கள் ஈப்போ, தைப்பிங், சிலிம் ரிவர் என்று சிதறிவிட்டோம். எங்களில் ஒருவன் மட்டும் சுங்காயில் துண்டு நிலம் வாங்கி டுரியான் போட்டான். வருடா வருடம் புத்தாண்டன்று அங்கேதான் பார்பிக்யூ. ஆளுக்கு ஒன்று கொண்டுவர வேண்டும். என்னை எப்போதும் ஐஸ் கட்டி கொண்டுவரச் சொல்வார்கள். என் சமையல் மேல் அவ்வளவு நம்பிக்கை.

அந்த வருடம் ரோஜாக் நான் செய்கிறேன் என்று நானாகக் கேட்டு வாங்கினேன். பழத்தையும் காயையும் வெட்டிப் போட்டு, புளிப்பும் இனிப்பும் உறைப்புமாக ஒரு கறுப்பு சாஸ் ஊற்றிக் கலக்க வேண்டும். அடுப்பே வேண்டாம். சுட்ட கோழிக்கும் அந்த வெயிலுக்கும் அதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஆனால் நான் அதைச் செய்யக் கிளம்பியது கோழிக்காக இல்லை, ஒரு மனிதனுக்காக.

ஒன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் அவன். இப்போது ஈப்போவில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறான். வேன்காரன் என்றே வைத்துக்கொள்வோம். அவன் மனைவிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் பண்ணப் போவார். அந்த வருடம் உடம்பு ரொம்பவே தளர்ந்துவிட்டது. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன் என்று அவன் அவருக்காக நேர்ந்துகொண்டான். நாற்பத்தெட்டு நாள் விரதம். புத்தாண்டு வந்தபோது இரண்டு வாரம் முடிந்திருந்தது. மத்தியானம் ஒரு வேளை மட்டும் சாப்பாடு, அதுவும் வீட்டில் சுத்தமாகச் சமைத்ததுதான். வெளியே டீ கூடக் கிடையாது.

அவன் மனைவிக்கோ தோப்புக்கு வர ஆசை. மருத்துவமனையும் வீடும் தவிர வேறு எதையும் பார்த்து மாதக்கணக்காகிறது என்று என் மனைவியிடம் போனில் சொல்லியிருக்கிறார். நான் அவனைக் கூப்பிட்டேன்.

"வரலைலா மச்சான். அங்க கோழி, ஆடு எல்லாம் சுடுவீங்க. எனக்கு விரதம்."

"உன் சம்சாரம் ஆசைப்படுதுடா. அவங்கள உக்கார வெச்சிட்டு நீ தூரமா நில்லு."

"நின்னுகிட்டு என்னா சாப்பிடுறது? பொகையா?"

"உனக்கு நான் என் வீட்டுல செஞ்சு கொண்டாரேன், அன்னிக்கு ஒரு வேளை அதான். பழம், காய், அவ்வளவுதான். சுத்த சைவம். என்னை நம்பி வா."

"உன்னை நம்பியா?" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்புக்குக் காரணம் உண்டு. அவன் புரட்டாசி சனிக்கு விரதம் இருக்கும்போதெல்லாம் நான் சும்மா இருக்க மாட்டேன். மீகூன் நூடுல்ஸை வாயில் வைத்த பிறகு, "டேய், அந்த மீகூன்ல கோழி சூப்பு ஊத்தியிருக்கு" என்பேன். முதல் தடவை நம்பி, ஓடிப்போய் லோங்காங் சாக்கடையில் துப்பினான். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதற்குப் பிறகு நான் என்ன சொன்னாலும் நிதானமாக மென்று விழுங்குவான்.

"சத்தியமா இந்தத் தடவை விளையாட்டு இல்லடா," என்றேன். "சரி, வாரேன்" என்றான்.

சத்தியம் செய்துவிட்டேனா, வீடே கோயிலாகிவிட்டது. இரண்டு நாளுக்கு முன்பே மீனை நிறுத்தினோம். புதுப் பேசின், புதுக் கத்தி, புது வெட்டுப்பலகை வாங்கினேன். பழைய கத்தியில் எத்தனை கோழி செத்திருக்குமோ. புத்தாண்டுக் காலையில் என் மனைவி தலை முழுகிவிட்டு வந்து, நீயும் முழுகு என்றாள். வழுக்கைத் தலையில் என்னத்தை முழுகுவது. இருந்தாலும் முழுகினேன்.

செங்குவாங் கிழங்கைத் தோல் சீவினேன். சீவி முடித்தபோது பெரிய கிழங்கு பிங்பாங் பந்து அளவுக்கு வந்திருந்தது. "தோல் நமக்கு, கெழங்கு குப்பைக்கா?" என்று கேட்டாள் மனைவி. வெள்ளரிக்காயில் விதையை வழித்து எடுத்தேன். இல்லாவிட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். அன்னாசி, மாங்காய், கொய்யா. வேர்க்கடலையை வறுத்து ஒன்றிரண்டாக இடித்தேன். சாஸை மட்டும் தனியாக ஒரு போத்தலில் வைத்துக்கொண்டு, சாப்பிடுகிற நேரத்தில்தான் ஊற்ற வேண்டும். இதெல்லாம் போனில் பார்த்துப் படித்தது.

சாஸுக்குப் புளி, குலா மெலாக்கா வெல்லம், மிளகாய், கெட்டி சோயா கீச்சாப். காய்ச்சி ஆறவைத்து நக்கிப் பார்த்தேன். கெட்டுப்போகவில்லை. ஆனால் ரோஜாக் மாதிரியும் இல்லை. என் கடைக்குப் பக்கத்தில் ஒரு சீன ஆன்ட்டி ரோஜாக் விற்கிறார். இருபது வருடமாகச் சாயங்காலம் அதுதான் எனக்கு. அந்த ருசியில் கால்வாசி கூட இதில் இல்லை. "நல்லாத்தானே இருக்கு, வெயிலுக்கு இதுவே போதும்," என்றாள் மனைவி. எனக்குப் போதவில்லை. முதல்தடவையாக என் கையால் செய்ததை அத்தனை பேரும் சாப்பிடப் போகிறார்கள். அவர்கள் மறுபடி என்னை ஐஸ் கட்டிக்கு அனுப்பக் கூடாது.

ஐஸ் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆன்ட்டி கடைக்குக் காரை விட்டேன். சாஸ் மட்டும் வேண்டும் என்றேன். பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் பேண்டால் கட்டிக் கொடுத்தார். உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை. இருபது வருடமாகத் தட்டில் பழத்தையும் காயையும் மட்டுமே பார்த்தவனுக்குக் கேட்கத் தோன்றுமா? காருக்குள்ளேயே உட்கார்ந்து மூன்று கரண்டி போத்தலில் விட்டுக் குலுக்கினேன். நக்கிப் பார்த்தேன். அதே ருசி. என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். மனைவியிடம் சொல்லவில்லை. பாராட்டில் பங்கு கேட்பாளே.

தோப்பில் என் மேசையை அடுப்பிலிருந்து பத்தடி தள்ளிப் போட்டேன். காற்று திரும்பியதும் மேசையையும் திருப்பினேன். கோழி இறக்கை சுட்டுக்கொண்டிருந்தவன் கத்தினான்: "டேய், உன் ரோஜாக்குக்கு போலீஸ் காவல் வேணுமா?"

"பொகை கூடப் படக்கூடாதுலா. கோழி எண்ணெய தெறிச்சே, உன்னைச் சுட்டுருவேன்," என்றேன்.

வேன்காரன் தாடியும் துளசி மாலையுமாக வந்தான். மனைவியைக் கைத்தாங்கலாக நிழலில் உட்கார வைத்தான். அவருக்குப் பழம் அளவாகத்தான் சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாஸ் இல்லாமல் இரண்டு துண்டு வெள்ளரி மட்டும் கேட்டார். கையில் வாங்கி ஒன்றை ஒன்றுடன் வைத்துப் பார்த்தார்.

"அண்ணே, இது நீங்களே வெட்டினதா?"

"ஆமா. ஏம்மா?"

"ஒண்ணு செங்கல்லு, ஒண்ணு சில்லு. ஓடு கடையில இப்படித்தான் வெட்டுவீங்களா?"

உடம்பு சரியாக இருந்த காலத்தில் என் வாயை அடக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

வேன்காரன் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத் தட்டை வாங்கினான். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். "மச்சான், நல்லா இருக்குடா. கடையில வாங்கின மாதிரியே இருக்கு." நாற்பத்தைந்து வருடத்தில் அவன் என்னைப் பாராட்டி நான் கேட்டதே இல்லை. எனக்கு நெஞ்சு விரிந்துவிட்டது.

அப்போது தைப்பிங்கிலிருந்து வந்த அக்கா என் கையைப் பிடித்துத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். பள்ளியில் எங்களுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர், அரசாங்க ஆபீஸில் வேலை. கையில் அவருடைய ரோஜாக் தட்டு.

"தம்பி, இதுல பெத்திஸ் போட்டியா?"

"பெத்திஸ்னா என்னாக்கா?"

"எறாலு. எறால காய்ச்சி எடுக்கிற கறுப்பு. கடை ரோஜாக்ல எல்லாம் அதான்."

"பழத்துக்கு எதுக்குக்கா எறாலு?"

"என்னைக் கேட்டா? அவன் சாப்பிடுறான்டா. போய் சொல்லு!"

குழாயிலிருந்து அவன் உட்கார்ந்திருந்த இடம் இருபது அடி இருக்கும். அந்த இருபது அடியும் நான் நல்லவனாகத்தான் நடந்தேன். அவன் பாதித் தட்டு முடித்திருந்தான்.

"மச்சான், வெச்சிரு. சாப்பிடாத. இதுல எறாலு இருக்கு."

அவன் மெல்வதை நிறுத்தினான். என் முகத்தைப் பார்த்தான். அதற்குள் அவன் மனைவி சிரிக்க ஆரம்பித்துவிட்டார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாத்தீங்களா, ஆரம்பிச்சிட்டாரு! வந்ததுலேருந்து இன்னும் காணோமேன்னு பாத்துகிட்டே இருந்தேன்."

அவனும் சிரித்தான். "அன்னிக்கு கோழி, இன்னிக்கு எறாலு. அடுத்த தடவை மானாடா?"

"இல்லடா, நெசமா," என்றேன்.

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். இறக்கை சுடுகிறவன் இடுக்கியால் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். வேன்காரன் தட்டை என் பக்கம் நீட்டினான். "நெசமான எறாலு இன்னும் கொஞ்சம் போடுலா."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே என் கையால் அள்ளி அவன் தட்டில் போட்டேன்.

அதற்கு நான் பிறகு எத்தனையோ காரணங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவன் மனைவி சிரித்து எத்தனை மாதமாயிற்று, அதைக் கெடுப்பதா? பாதி உள்ளே போய்விட்டது, இனி என்ன? தெரியாமல் சாப்பிட்டது பாவமாகாது. எல்லாம் சரியான காரணங்கள்தான். ஆனால் அந்த நேரத்தில் எனக்குள் இருந்தது அது எதுவும் இல்லை. அப்பாடா, தப்பித்தோம் என்று இருந்தது. அவ்வளவுதான்.

தைப்பிங் அக்கா தூரத்திலிருந்து கண்ணால் கேட்டார். பக்கத்தில் போனேன்.

"சொன்னியா?"

"சொன்னேன்க்கா."

"என்னா சொன்னான்?"

"சிரிச்சான்."

இரண்டுமே பொய் இல்லை. "பெரிய மனசுடா அவனுக்கு," என்றார் அக்கா. மிச்ச சாஸைக் கொண்டுபோய்ப் புதரில் கொட்டினேன். எறும்புகள் மட்டும்தான் அன்று உண்மையைத் தெரிந்துகொண்டன. வீடு திரும்பும்போது, என்ன வாயே திறக்கக் காணோம் என்று மனைவி கேட்டாள். வெயில் என்றேன்.

தைப்பூசத்தன்று அவன் கூடவே போனேன். ஈப்போ புந்தோங்கில் இருந்து முருகன் கோயில் வரைக்கும் அவன் காவடிக்குப் பின்னால் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஒரு இடத்தில் கூட அவன் கால் தடுமாறவில்லை. கோயில் பந்தலில் அவன் மனைவி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கை கூப்பியபடி இருந்தார். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே நான் சாமியிடம் பேசினேன். இத்தனை கூட்டத்தில் ஒரு எறாலையா பார்க்கப் போறே, அப்படியே பார்த்தாலும் கேஸை என் மேலே போடு, அவனை விட்டுடு என்றேன். சாமியிடமும் எனக்கு அப்படித்தான் பேச வருகிறது.

மார்ச் கடைசியில் அவன் மனைவி இறந்துபோனார். ரத்தத்தில் கிருமி சேர்ந்து, இருதயம் தாங்கவில்லை என்றார்கள். சாவு வீட்டு வேலையெல்லாம் எனக்குத் தெரியும். பந்தல், நாற்காலி, சாப்பாடு என்று ஓடினேன். வாய் மட்டும் ஓடவில்லை.

அந்த நாட்களில் அவன் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தான். வந்தவர்களிடம் கேட்டான். ஐயரிடம் கேட்டான். விதி என்றார்கள், கிரகம் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில்தான் நின்றேன். பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, சாப்பிட்டவர்கள் கிளம்பிப் போன பிறகு, நானும் அவனும் வாசலில் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தோம். மொட்டைத் தலையோடு, கையில் ஒரு நாற்காலியோடு, என்னைப் பார்த்துக் கேட்டான்.

"எதுல கொறை வெச்சேன் மச்சான்? நாப்பத்தெட்டு நாளும் வெறுந்தரையிலதான் படுத்தேன். ஒரு டீ குடிக்கல வெளிய. நீ சொல்லேன். எதுல?"

சொன்னேன். ஆன்ட்டி கடை, பிளாஸ்டிக் பை, மூன்று கரண்டி, தைப்பிங் அக்கா, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன்.

அவன் பாதி மடித்த நாற்காலியை விரித்து அதிலேயே உட்கார்ந்தான். கத்துவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ சொன்னே. நான்தான் நம்பல. அது என் தப்பு."

"இல்லடா..."

"இரு. நான் சிரிச்சேன், சரி. நீ ஏன்டா சிரிச்சே?"

எதற்கும் பதில் வைத்திருக்கிற வாய் இது. முதலாளிக்கு, வாடிக்கையாளருக்கு, போலீஸ்காரருக்குக் கூட. அன்று நான் இன்னொரு நாற்காலியை எடுத்து மடித்தேன்.

"எறாலு தின்னதால அவ சாகல," என்றான் நிதானமாக. "அந்தளவு புத்தி எனக்கு இருக்கு. ஆனா அன்னிக்கே தெரிஞ்சிருந்தா, மறுநாள் காலையில குளிச்சிட்டுக் கோயிலுக்கு ஓடியிருப்பேன். ஐயருகிட்ட கேட்டிருப்பேன். தெரியாம தின்னதுக்கு ஏதாச்சும் ஒரு வழி சொல்லியிருப்பாரு. இன்னும் ஒரு மாசம் இருந்துச்சுடா. செய்யறதுக்கு எனக்கு ஒண்ணு இருந்திருக்கும். இப்ப சொல்றியே, இப்ப நான் என்னாத்த செய்ய?"

"மன்னிச்சிருடா," என்றேன்.

"உனக்கு லேசாயிருச்சா?" என்று கேட்டான். கோபமாக இல்லை. உடம்பு எப்படி இருக்கு என்று கேட்பதைப் போல.

உண்மையைச் சொன்னால், கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. அவனிடம் அதைச் சொல்லவில்லை. அவனுக்கு அது என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

"மிச்சத்த நான் மடிக்கிறேன். நீ போ," என்றான்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவே இல்லை. "அந்த மூணு கரண்டி இல்லாமலே அது நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள். அதற்குப் பிறகு இன்றுவரைக்கும் அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தப் புதுக் கத்தியையும் பலகையையும் யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

அவன் இப்போது தோப்புக்கு வருவதில்லை. என்னோடு சண்டை என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. வேன் வேலை என்கிறான். சிக்னலில் எதிர்ப்பட்டால் கையை உயர்த்துகிறான், வழி விட்ட எந்தக் காருக்கும் உயர்த்துவதைப் போல. மறு வருடத் தைப்பூசத்துக்கும் அவன் காவடி எடுத்தான். யாருக்காக என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை. கூட்டத்தோடு ஓரமாக நின்று பார்த்தேன். தண்ணீர்ப் போத்தலை வேறு யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள்.

கடையில் நான் இன்னமும் தமாஷ்காரன்தான். அது பிழைப்பு, விட முடியாது. ஆனால் யாரிடமாவது உண்மையான ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றால், என் முகத்துக்கு அதை எப்படிச் சொல்வது என்றே தெரிவதில்லை. இரண்டு மூன்று தடவை சொல்கிறேன், அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன், பைத்தியமா என்பது மாதிரி பார்க்கிறார்கள். உண்மையை வாயால் சொல்லிவிட்டால் மட்டும் போதாது, எதிரில் இருப்பவன் நம்பும் வரைக்கும் நகராமல் அங்கேயே நிற்க வேண்டும் என்பதை இந்த வயதில் தெரிந்துகொண்டேன். யாருக்காக நின்றிருக்க வேண்டுமோ அவன் எதிரில்தான் இப்போது என்னால் நிற்க முடியவில்லை.